விளையாட்டைப் படிக்க ஒரு விண்ணப்பம்

கடந்த பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு ஒரு தகப்பனாரும் மகனும் எமது பங்குமனைக்கு வந்திருந்தார்கள். தகப்பனார் குளத்தின் கடைசி வாய்க்காலில் இரண்டு ஏக்கர் வயல் வைத்திருப்பவர். கமக்காரர் அமைப்பின் கூட்டங்களில் அதிகம் பேசாதவர். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்தும், பொறியியல் பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் வீட்டில் இருந்தவர்.

"சுவாமி, விளையாட்டைப் படிப்பிக்கிற யூனிவேர்சிற்றி ஒண்டு இருக்காம். இவன் அதுக்குத்தான் போகப்போறானாம். உண்மையே?" என்று தகப்பனார் கேட்டார். மகன் தலையைக் குனிந்தபடி நின்றார். அவரது கையில் ஒரு கோவை. அதனுள் நகரத்து முகவர் ஒருவர் தட்டச்சுச் செய்து கொடுத்த ஆங்கிலக் கடிதம் இருந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்புவதற்கு அந்த முகவர் கேட்ட தொகை ஐந்து இலட்சம் ரூபா. வயலை ஈடு வைப்பதா, மனைவியின் நகையை வைப்பதா என்பது பற்றி எம்மிடம் அபிப்பிராயம் கேட்கவே தகப்பனார் வந்திருந்தார்.

ஓர் உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசி விளையாட்டுகளில் எமது பிள்ளைகளின் இரவுகள் கரைந்துபோவதைப் பற்றிப் பிரசங்கத்தில் நாம் பலமுறை கடிந்து பேசியிருக்கிறோம். ஆகவே 'இது என்ன படிப்பு' என்ற எண்ணமே எமக்கும் முதலில் எழுந்தது. ஆனால் விசாரிக்காமல் ஒரு பிள்ளையின் விருப்பத்தைத் தட்டிவிடுவதும் நியாயமன்று. விசாரித்தோம்.

சணலிலிருந்து கணனிக்கு

அந்த இளைஞர் முதலாவதாகப் போக விரும்பிய இடம் ஸ்கொட்லாந்திலுள்ள டண்டி நகரிலிருக்கும் அபர்ட்டே பல்கலைக்கழகம். கணனி விளையாட்டுக்கென உலகில் முதன்முதலாக ஒரு பட்டப்படிப்பை 1997ஆம் ஆண்டில் ஆரம்பித்த இடமாக அது அறியப்படுகிறது. ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேரே வாழும் ஒரு சிறிய துறைமுக நகரத்தில் இது ஏன் தோன்றியது? அதை அறிய, எமது கமக்காரருக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் சணல் சாக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தில் விளைந்த சணல் கப்பல்களில் டண்டிக்குப் போனது. நாரை மிருதுவாக்கத் தேவையான திமிங்கில எண்ணெய் அத்துறைமுகத்தில் தாராளமாகக் கிடைத்தமையால் ஆலைகள் அங்கே பெருகின. ஆலைகளில் வேலை செய்தவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களது சம்பளம் குறைவு என்பதே காரணம். வேலையின்றி வீட்டிலிருந்த ஆண்களைக் 'கேத்தில் கொதிக்க வைப்பவர்கள்' என்று ஊரார் கேலி செய்வார்களாம். 1855இலிருந்து கல்கத்தாவின் அயலிலும் சணல் ஆலைகள் எழுந்தன. மூலப்பொருளும் மலிவான உழைப்பும் ஒரே இடத்தில் கிடைக்க, டண்டியின் தொழில் படிப்படியாகத் தேய்ந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் முற்றாக நின்றது.

இடையில், இரண்டாவது உலகப் போருக்குப் பின்னர் டைமெக்ஸ் என்ற கைக்கடிகாரக் கம்பனி அங்கு தொழிற்சாலை அமைத்தது. 1980களின் தொடக்கத்தில் அத்தொழிற்சாலையில் சின்கிளேயர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறிய வீட்டுக் கணனிகள் பொருத்தப்பட்டன. ஊரில் பல வீடுகளுக்குள் அவை நுழைந்தன. பிள்ளைகள் விளையாடியதோடு நின்றுவிடாமல் அவற்றில் தாமே நிரல் எழுதவும் பழகினர். டைமெக்ஸில் தொழில் பயின்ற டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர், ஆட்குறைப்பின்போது கிடைத்த பணத்தில் அமிகா கணனியொன்றை வாங்கிக்கொண்டு டண்டி தொழில்நுட்ப நிறுவகத்தில் படிக்கச் சேர்ந்தார். அவரும் கணனிச் சங்கத்து நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய சிறு கம்பனியிலிருந்துதான் 1991இல் 'லெமிங்ஸ்' என்ற விளையாட்டும், 1997இல் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' என்ற விளையாட்டும் வெளிவந்தன. இரண்டாவதன் பெயரை எமது இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்தத் தொழில்நுட்ப நிறுவகமே 1994இல் அபர்ட்டே பல்கலைக்கழகமாயிற்று.

இந்தக் கதையை அபிவிருத்தியின் வெற்றியாக மட்டும் சொல்வோருடன் நாம் உடன்படவில்லை. 1993 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் முற்றி, அதே ஆண்டு ஓகஸ்டில் டைமெக்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலையிழந்தோரிற் பெரும்பாலானோர் பெண்கள். கையால் பொருத்துவதில் கைதேர்ந்த ஐம்பது வயதுத் தாயொருவருக்கு லெமிங்ஸ் வேலை கொடுக்கவில்லை. புதிய தொழில் வந்தது. ஆனால் பழைய தொழிலை இழந்தவருக்கு வரவில்லை. இதைத் தகப்பனாரிடமும் சொன்னோம். அவர் சாக்கின் கதையைத்தான் விரும்பிக் கேட்டார்.

லெமிங்ஸ் பற்றிய ஒரு சிறு செய்தி மகனுக்கு உதவியது. அந்தக் கம்பனியில் மைக் டெய்லி என்பவர் ஒருநாள் மதியபோசன இடைவேளையில், எட்டுப் புள்ளி உயரமும் எட்டுப் புள்ளி அகலமுமான கட்டத்துக்குள் அடங்கும் மிகச் சிறிய மனிதர்களை வரைந்து நடக்க வைத்துக் காட்டினார். விளையாட்டின் வித்து அதுவே. பெரிய கணனியோ பெருந்தொகைப் பணமோ அதற்குத் தேவைப்படவில்லை.

கடிதத்தில் ஆளைக் காணவில்லை

முகவரின் கடிதத்தை வாசித்தோம். சிறு வயது முதலே கணனி விளையாட்டில் அணையாத ஆர்வம், உலகை மாற்றும் கனவு, உங்கள் மகத்தான பல்கலைக்கழகம் என்று அது நீண்டது. பிழையில்லாத ஆங்கிலம்தான். ஆனால் இந்தப் பிள்ளை எந்த ஊரவர், என்ன செய்தவர் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. "தம்பி, இதில் உம்மைக் காணவில்லையே" என்றோம்.

பிரித்தானியாவில் இளமாணிப் பட்டப்படிப்புகளுக்கு யூகாஸ் என்ற பொது அமைப்பின் ஊடாகவே பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் வரை குறிப்பிடலாம். முன்னர் மாணவர் தம்மைப் பற்றி ஒரே கட்டுரையாக எழுதினர். 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்? உமது கல்வி இதற்கு உம்மை எவ்வாறு தயார்ப்படுத்தியது? கல்விக்கு வெளியே இதற்காக வேறு என்ன செய்தீர், அது எப்படிப் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துக்கள். ஒருவரது எழுத்து இன்னொருவருடையதை ஒத்திருக்கிறதா என்று யூகாஸ் கணனி மூலம் சோதித்து, சந்தேகமிருந்தால் பல்கலைக்கழகங்களுக்கு அறிவிக்கிறது. முகவர் அதே கடிதத்தை எத்தனை பிள்ளைகளுக்கு விற்றாரோ!

இன்னொன்றையும் இங்கே விளக்க வேண்டும், ஏனெனில் பலர் தடுமாறுவது இங்கேதான். விளையாட்டுப் படிப்பு என்பது ஒரு படிப்பன்று. நிரல் எழுதி இயங்க வைப்பது ஒன்று; அதற்குக் கணிதம் கட்டாயம். பாத்திரங்களையும் காட்சிகளையும் வரைவது இன்னொன்று. அதற்கு வரைந்தவற்றைத் தொகுத்து அனுப்ப வேண்டும். விதிகளை வகுப்பதும், ஆடுபவரின் மனத்தை அறிந்து ஆட்டத்தைச் சீராக்குவதும், பலரையும் ஒருங்கிணைத்து வேலையை முடிப்பதும் மூன்றாவது. 'டிசைன்' என்றதும் படம் வரைவது என்று எண்ணி விண்ணப்பிப்பவர் வழி தவறிவிடுவார்.

எமது ஊர்க் கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டில் நிற்பவர் தமது கோட்டைவிட்டு விலகக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடித் திரியலாம். கிளிக்கு அந்தச் சுதந்திரம் இல்லையென்றால் ஆட்டம் சப்பென்று போய்விடும். எல்லாருக்கும் இருந்தால் ஒருவரும் கடந்து போகமுடியாது. யார் வகுத்ததோ தெரியாத அந்த விதிக்குள் இருக்கும் நுட்பத்தைத்தான் அங்கே வகுப்பறையில் ஆராய்கிறார்கள். கணனியைத் தொடுவதற்கு முன்னர் கடதாசியிலும் மட்டையிலும் ஆட்டத்தைச் செய்து, பிறரை ஆட வைத்துப் பார்ப்பது இத்துறையில் வழமையான பயிற்சி.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மகனின் முகம் மாறியது. "பாதர், அப்ப எங்கட தண்ணி விளையாட்டையும் எழுதலாமோ?" என்றார்.

புளியங்கொட்டைத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்னர் எமது பங்கின் இளைஞர் ஒன்றியம் குளத்து நீர்ப் பங்கீடு பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. தலைவாய்க்காலில் வயலுள்ளவர் தேவைக்கு மேல் பாய்ச்ச, கடைசி வாய்க்காலில் கதிர் வரும் நேரத்தில் நிலம் வெடிக்கும் பிரச்சினை எமது வாசகர் அறியாததன்று. உரை கேட்க எவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த இந்த இளைஞர், பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு வாய்க்காலை வரைந்து, ஆறு வயல்களைக் குறித்து, புளியங்கொட்டையைத் தண்ணீராக வைத்து ஒரு விளையாட்டைச் செய்திருந்தார். ஒவ்வொரு சுற்றும் ஒரு போகம். சோகி உருட்டி விழும் எண்ணுக்கேற்பக் குளம் நிரம்பும். முதல் வயற்காரர் வேண்டியதை எடுத்தபின் இரண்டாமவர், இப்படியே கடைசிவரை.

முதலில் ஆடியபோது மூன்றாம் போகத்திலேயே கடைசி வயற்காரர் அழிந்து எழுந்து போய்விட்டார். மற்றவர்களுக்கும் அலுத்துவிட்டது. அடுத்த கிழமை விதியை மாற்றி, எல்லாருக்கும் சமபங்கு என்று வைத்தார். நியாயமாக இருந்தது, ஆனால் ஆடுவதற்கு எதுவுமில்லை, கொட்டையை எண்ணிப் பகிர்வதோடு சரி. மூன்றாவது முறை வைத்த விதி இது: போகம் தொடங்குமுன் ஆறு பேரும் பேசிப் பங்கை முடிவு செய்வார்கள். பின்னர் ஒவ்வொருவரும் கையை மூடித் தண்ணீர் எடுப்பார்கள். ஒருவர் வட்டவிதானையாக இருந்து, சந்தேகப்படும் ஒருவரின் கையைத் திறக்கச் சொல்லலாம். கூடுதலாக இருந்தால் எடுத்தவருக்குத் தண்டம். இல்லையென்றால் சந்தேகப்பட்டவர் தம் கொட்டையொன்றை இழக்க வேண்டும்.

அன்று மண்டபத்தில் எழுந்த சத்தம் ஆலயம்வரை கேட்டது. கருத்தரங்கு நாளில் பெரியவர்களும் ஆட வந்தார்கள். சீட்டுப் போட்டு இடம் பிரித்தபோது, தலைவாய்க்காலில் பத்து ஏக்கர் செய்கிற ஒருவருக்குக் கடைசி வயல் விழுந்தது. இந்தத் தகப்பனாருக்கு முதல் வயல். முதற்போகத்திலேயே இரண்டு கொட்டை கூடுதலாக எடுத்து அகப்பட்டவர் யாரென்று நினைக்கிறீர்கள்? வருடக்கணக்காகத் தண்ணீருக்குக் காத்திருந்த இந்தத் தகப்பனாரேதான். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பத்து ஏக்கர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாம் போகத்தில் அவருக்குக் கொட்டை முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது சரியான ஆட்டமில்லை" என்று எழுந்து போனார்.

இவ்வளவையும் இந்தப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்: எந்த விதி, எத்தனை பேர், எங்கே அலுத்தது, யார் கோபித்தார், அடுத்து எதை மாற்றினார். முகவரிடம் அவர் அதைக் காட்டவேயில்லை. 'ஊர் விளையாட்டு' என்று வெட்கப்பட்டாராம். வீட்டில் கணனி இல்லாத பிள்ளைக்குத் தன் கையிலிருந்த பொருள் எது என்பது தெரியவில்லை.

முகவரின் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, மூன்று கேள்விகளுக்கும் அவரே தமிழில் எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் எழுதினார். நாம் இலக்கணப் பிழைகளை மட்டும் சுட்டினோம். முதற்பிரதியில் தகப்பனார் களவெடுத்த கதை இல்லை. "அப்பாவைப் பற்றி எழுதலாமோ" என்று தயங்கினார். தகப்பனாரிடமே கேட்டோம். "எழுதட்டும், அங்க என்னை ஆருக்குத் தெரியும்" என்றார்.

நற்சாட்சிக் கடிதத்தை எம்மிடமே கேட்டார்கள். நாம் மறுத்தோம். யூகாஸ் கேட்பது மாணவரின் கல்வித் திறனை அறிந்தவர் எழுதும் சான்று. நல்ல பிள்ளை என்று குருவானவர் எழுதும் கடிதமன்று. அவரது கணித ஆசிரியை எழுதினார். மட்டை விளையாட்டின் படங்களையும் கொப்பியின் பக்கங்களையும் தொகுத்ததோடு, அதே விளையாட்டின் சிறு கணனி வடிவத்தையும் பங்கு அலுவலகக் கணனியில் மாலை நேரங்களில் செய்து முடித்தார். இதற்கான கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆர்ஜென்டினாவில் தோன்றிய கோடோட் என்பது 2014 முதல் எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருளாக இருக்கிறது, சிறுவர்களுக்கு எம்.ஐ.ரி. நிறுவகத்தின் ஸ்கிராட்ச் இருக்கிறது. அரைகுறையாக நிற்கும் பெரிய விளையாட்டைவிட, ஆரம்பமும் முடிவுமுள்ள சிறியதொன்றே பயன்தரும் என்பது எமது எண்ணம். இந்தப் பிள்ளையும் ஆறு வயல்களை மூன்றாகக் குறைத்தே முடித்தார்.

கோபுரத்தின் செலவு

இனிப் பணம். லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்ட எண்ணியவனைப் பற்றிய உவமையை வாசகர் அறிவர். நாமும் தகப்பனாருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

யூகாஸ் விண்ணப்பக் கட்டணம் 30 பவுணுக்கும் குறைவு. பவுண் ஒன்றுக்கு 400 ரூபா என்று வைத்தாலும் 12,000 ரூபாவுக்குள் அடங்கும். முகவர் கேட்டது ஐந்து இலட்சம். இத்தனைக்கும், மாணவரைச் சேர்த்துக் கொடுக்கும் முகவருக்குப் பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் தாமே தரகு கொடுக்கின்றன.

ஆனால் மெய்யான பாரம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு 15,000 பவுணைத் தாண்டும். ஸ்கொட்லாந்தில் சிறப்புப் பட்டம் நான்கு வருடம். கட்டணம் மட்டுமே 60,000 பவுண், அதாவது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் ரூபா. வீசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும், மாதத்துக்கு 1,100 பவுணுக்கு மேல், வங்கியில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்ததாகக் காட்ட வேண்டும். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண் வேறு. முதல் வருடத்துக்கே ஒரு கோடி ரூபா தேவை. இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்தல்ல, விற்றாலும் போதாது. 'அங்கே வேலை செய்து கட்டலாம்' என்று முகவர் சொல்லியிருந்தார். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் மாணவர் வேலை செய்ய முடியாது என்பதை அவர் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை அனுப்புவதா என்றே தகப்பனார் யோசித்தார். அனுப்பட்டும் என்றோம். புலமைப்பரிசில் எதற்கு முயல்வதென்றாலும் முதலில் அனுமதிக் கடிதம் கையில் இருப்பது நல்லது. கடைசித் திகதி ஜனவரி 14, பிரித்தானிய நேரம் மாலை 6 மணி. எமக்கு இரவு 11.30. ஒன்பது மணிக்கு மின்சாரம் போய், பத்தேகாலுக்கு வந்தது. பதினொரு மணிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

ஐந்தில் இரண்டு இடங்களிலிருந்து ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேற்றை நிபந்தனையாக வைத்து அனுமதி கிடைத்தது. கடிதத்தைக் கண்ட தாயார் அழுதுவிட்டார். தகப்பனார் ஒன்றையே கேட்டார்: "படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமோ, சுவாமி?"

ஆம் என்று சொல்ல எம்மால் முடியவில்லை. 2023இலும் 2024இலும் உலகெங்கும் விளையாட்டுக் கம்பனிகள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தின. படிப்பின் பின் அங்கே தங்கி வேலை தேடுவதற்கான காலமும் 2027 ஜனவரியிலிருந்து இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இவற்றை மறைத்து ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புவது எமது பணியன்று. அதேவேளை இந்தப் பிள்ளையிடம் திறமை இருக்கிறது என்பதிலும் எமக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் சொன்னோம். தகப்பனார் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு மகன்தான் பேசினார்: "வயலை வைக்கவேண்டாம் அப்பா."

அனுமதியை ஒரு வருடம் பிற்போடும்படி கேட்டு இரண்டு இடங்களுக்கும் எழுதியிருக்கிறார். ஒன்று சம்மதித்திருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணனிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் பதிவதற்கும் ஆயத்தம் செய்கிறார். புலமைப்பரிசில் கிடைத்தால் போவார்; கிடைக்காவிட்டால் இங்கிருந்தபடி விளையாட்டுகள் செய்வேன் என்கிறார். வயல் ஈடு வைக்கப்படவில்லை. முகவருக்கு முற்பணமாகக் கொடுத்த ஐம்பதினாயிரம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

சிறுபோகக் கூட்டத்துக்கு அந்த மட்டையைக் கொண்டுவரும்படி கமக்காரர் அமைப்பின் செயலாளர் கேட்டிருக்கிறார். அலுமாரியைத் திறந்து பார்த்தோம். மட்டை இருக்கிறது. புளியங்கொட்டைகளை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் வறுத்துத் தின்றுவிட்டார்கள். புதிதாகப் பொறுக்க வேண்டும்.